தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கான தமனிவழி வேதிச்சிகிச்சை

தமனிவழி வேதிச்சிகிச்சை என்பது புற்றுநோய்க் கட்டிக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிக்குள்ளேயே மருந்தைச் செலுத்தும் முறையாகும். நாக்கு, தொண்டை, குரல்வளை, மேல்தாடை சைனஸ் ஆகியவற்றில் முற்றிய நிலையில் உள்ள கட்டிகளுக்கு இது கதிர்வீச்சுச் சிகிச்சையுடன் சேர்த்து அளிக்கப்படுகிறது. இத்தகைய கட்டிகளை அறுவை செய்து அகற்றினால் நோயாளி பேச்சையோ, விழுங்கும் திறனையோ, சில வேளைகளில் கண்ணையோ இழக்க நேரிடும். உறுப்பைக் காத்து நோயை நீக்குவதே இம்முறையின் நோக்கம்.

அடிப்படை

வழக்கமான முறையில் சிரை வழியே ஏற்றப்படும் மருந்து உடல் முழுவதும் பரவுகிறது. அதில் சிறு பகுதியே கட்டியைச் சேர்கிறது. தமனிவழி முறையோ, ஏரி முழுவதும் உரத்தைக் கரைக்காமல் குறிப்பிட்ட வயலின் மடையில் கரைத்துவிடுவதைப் போன்றது. மெல்லிய வடிகுழாய் பெரும்பாலும் தொடைத் தமனி வழியாக நுழைக்கப்பட்டு, எக்சு-கதிர்ப் படத்தின் துணையுடன் வெளிக் கழுத்துத் தமனியின் உரிய கிளைக்குக் கொண்டு செல்லப்படுகிறது. நாக்குப் புற்றுக்கு நாக்குத் தமனியும், மேல்தாடை சைனஸ் புற்றுக்கு மேல்தாடைத் தமனியும் முக்கியமான கிளைகளாகும்.

மருந்தும் முறிமருந்தும்

பெரும்பாலும் பயன்படும் மருந்து சிஸ்பிளாட்டின். இது சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் பாதிக்கக்கூடியது. எனவே அதே வேளையில் சிரை வழியே சோடியம் தயோசல்பேட்டு ஏற்றப்படுகிறது. கட்டியைக் கடந்து பொது இரத்த ஓட்டத்தில் கலக்கும் சிஸ்பிளாட்டினுடன் இது பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. இதனால் கட்டிக்கு மிகுந்த அளவு மருந்து தர முடிகிறது. சிரை வழியில் உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 100 மி.கி. வீதம் 3 வாரங்களுக்கு ஒருமுறை தருவது வழக்கம். தமனிவழியில் 150 மி.கி. வீதம் வாரந்தோறும் 4 முறை தரும் திட்டம் உண்டு.

வரலாறு

1950இல் அமெரிக்க மருத்துவர் கிளாப் குழுவினர் நைட்ரசன் மசுடர்டைத் தமனிவழி செலுத்திய அனுபவத்தை வெளியிட்டனர். 1990களில் அமெரிக்காவில் ராபின்சு குழுவினர் தயோசல்பேட்டுடன் கூடிய 'ராட்பிளாட்' முறையை வளர்த்தெடுத்தனர். சப்பானில் மேல்தாடை சைனஸ் புற்றுக்கு இது பயன்பட்டு வருகிறது.

வரம்புகள்

வடிகுழாய் மூளைக்குச் செல்லும் தமனியை ஒட்டியே செல்வதால், இரத்தக்கட்டியோ கொழுப்புப் படிவோ பெயர்ந்து பக்கவாதம் ஏற்படக்கூடும். கட்டிக்குப் பல தமனிகள் இரத்தம் அளித்தால், சில பகுதிகளுக்கு மருந்து எட்டாமல் போகலாம். 2010இல் வெளியான நெதர்லாந்து ஒப்பீட்டாய்வில், சிரைவழிச் சிகிச்சையைவிட இம்முறை நோயைக் கட்டுப்படுத்துவதிலோ வாழ்நாளிலோ மேம்பட்டதாகத் தெரியவில்லை. சிறுநீரகப் பாதிப்பு மட்டும் குறைந்தது. ஆகவே இது எல்லோருக்கும் உரிய பொதுச் சிகிச்சை அன்று. கட்டியின் இடம், தமனிகளின் அமைப்பு, மருத்துவக் குழுவின் பயிற்சி ஆகியவற்றைப் பொறுத்தே தெரிவு செய்யப்படுகிறது.