இடம் மாறும் கோசி

கங்கையில் வந்து கலக்கும் ஆறுகளுள் கோசிக்குத் தனியிடம் உண்டு. பொதுவாக ஊர்தான் ஆற்றங்கரையைத் தேடிச் சென்று அமையும். வடபீகாரிலோ ஆறு ஊரைத் தேடி வந்ததும் உண்டு. வளமாக இருந்த ஊரை விட்டு விலகிப் போனதும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ரென்னல் தயாரித்த வங்காள வரைபடங்களில் பூர்ணியா நகரை ஒட்டி ஓடிய கோசி, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மேற்கே, சுபோல், சகர்சா பகுதிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஆறு இவ்வளவு தொலைவு நகரக் காரணம் என்ன?

விடையைத் தேட நாம் இமயமலைக்குப் போக வேண்டும். எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு, கஞ்சன்ஜங்கா ஆகிய பெருஞ்சிகரங்களின் பனியும் மழையும் கோசியில்தான் வந்து சேர்கின்றன. நேபாளத்தில் இதனைச் சப்த கோசி என்பார்கள். ஏழு ஆறுகளின் கூட்டு என்று பொருள். மேற்கிலிருந்து வரும் சுன் கோசி, வடக்கிலிருந்து வரும் அருண், கிழக்கிலிருந்து வரும் தமூர் ஆகிய மூன்றும் திரிவேணி என்னுமிடத்தில் கூடுகின்றன. மற்றவை அதற்கு முன்பே சுன் கோசியில் கலந்துவிடுகின்றன.

இவற்றுள் அருண் ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. இது திபெத்தில் பிறந்து, உலகின் மிக உயர்ந்த மலைத்தொடரை ஊடறுத்துக்கொண்டு தெற்கே வருகிறது. மலை எழும்புவதற்கு முன்பே இந்த ஆறு இருந்தது. மலை மெல்ல மெல்ல உயர, ஆறும் சளைக்காமல் அறுத்துக்கொண்டே வந்தது என்பது புவியியலார் பலரின் கருத்து. ஆற்றுக்கும் மலைக்கும் நடந்த அந்தப் போட்டியில் தோற்றது மலைதான்!

புராணமும் இந்த ஆற்றை மறக்கவில்லை. விசுவாமித்திரர் தம் தமக்கை சத்தியவதியே கௌசிகி என்னும் ஆறாக இமயத்தில் ஓடுவதாக இராமனிடம் கூறுவதை வால்மீகி இராமாயணத்தின் பாலகாண்டத்தில் காணலாம். கௌசிகிதான் இன்றைய கோசி. சீதை பிறந்ததாகப் போற்றப்படும் மிதிலை நாட்டின் ஊடேதான் அது கங்கைக்குச் செல்கிறது. மிதிலை மக்கள் அதனைத் தாய் என்றே அழைத்து வணங்குகிறார்கள். 'பீகாரின் துயரம்' என்ற பெயரும் அதே ஆற்றுக்குத்தான்.

வண்டல் விசிறி

இமயம் இளமையான மலை. அதன் பாறைகள் எளிதில் நொறுங்குகின்றன. நிலநடுக்கமும் பெருமழையும் சரிவுகளைச் சரித்துவிடுகின்றன. இவ்வாறு சேரும் மண்ணும் மணலுமாக ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி டன் சுமையைக் கோசி கொண்டு வருகிறது. சத்ரா என்னும் ஊருக்கருகே அது மலையிடுக்கை விட்டு வெளியேறியதும் நிலத்தின் சரிவு திடீரென்று குறைந்துவிடுகிறது. வேகம் குறைந்த நீரால் சுமையைத் தூக்க முடிவதில்லை. வழியிலேயே இறக்கி வைத்துவிடுகிறது.

கூரையிலிருந்து ஒழுகும் மழைநீர் மணல் பரந்த முற்றத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சற்று நேரம் ஒரு வழியில் ஓடும். அவ்வழியில் மணல் சேர்ந்து மேடாகிவிட்டால், பக்கத்திலுள்ள பள்ளத்தில் புதுவழி காணும். அது மேடானதும் இன்னொரு வழி. கடைசியில் பார்த்தால் மணல் ஒரு விசிறியைப் போலப் பரவியிருக்கும். கோசியும் இதையேதான் செய்திருக்கிறது. அதன் விசிறியோ வடக்கிலிருந்து தெற்காக 150 கிலோமீட்டர் நீளமும் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலமும் உடையது! அதன்மேல்தான் பல மாவட்டங்களும் இலட்சக்கணக்கான வீடுகளும் இருக்கின்றன.

கோசி ஒரே சீராக மேற்கு நோக்கி நகர்ந்தது என்று பாடநூல்களில் படித்திருக்கிறோம். பழைய வரைபடங்களை மீண்டும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அது முன்னும் பின்னுமாகத் தாவியிருப்பதாகக் காட்டியுள்ளனர். ஆறு கைவிட்ட தடங்களை இன்றும் செயற்கைக்கோள் படங்களில் காணலாம். அந்தத் தாழ்நிலங்களில் தேங்கும் நீரில்தான் மிதிலையின் புகழ்பெற்ற மக்கானா விளைகிறது, மீனும் வளர்கிறது.

ஆற்றைக் கட்டிவைத்த கதை

1953ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் ஆற்றை ஓரிடத்தில் நிறுத்துவதென்று முடிவாயிற்று. 1954இல் இந்தியாவும் நேபாளமும் உடன்பாடு செய்துகொண்டன. ஆற்றின் இருபுறமும் நெடுந்தொலைவுக்குக் கரைகள் எழுந்தன. எல்லையருகே பீம்நகரில், 56 மதகுகள் கொண்ட கதவணை 1963இல் செயல்படத் தொடங்கியது. வினாடிக்கு 9.5 இலட்சம் கன அடி வெள்ளத்தைத் தாங்குமாறு அதை அமைத்தார்கள். பல்லாண்டுகள் அஞ்சி வாழ்ந்த மக்களுக்கு இது பெரும் ஆறுதலாக இருந்தது. கால்வாய்ப் பாசனமும் கிடைத்தது. அதை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் ஆற்றைக் கட்டலாம். அது சுமந்து வரும் மண்ணை என்ன செய்வது? முன்பு விசிறி முழுவதும் பரவிய வண்டல், இப்போது இரு கரைகளுக்கு நடுவில் மட்டுமே படிய வேண்டியதாயிற்று. சத்ராவைக் கடக்கும் சுமையில் பாதிகூடக் கீழே பால்தாரா என்னுமிடத்தை எட்டுவதில்லை என்று அளந்து கண்டிருக்கிறார்கள். மீதி நடுவழியில் தங்கிவிடுகிறது. ஆண்டுக்காண்டு ஆற்றின் படுகை உயர்ந்து, பல இடங்களில் கரைக்கு வெளியேயுள்ள வயல்களைவிட ஆறு மேடாகிவிட்டது. வயலில் பெய்த மழைநீரும் சிற்றோடைகளும் ஆற்றில் சேர வழியின்றி வெளியே தேங்குகின்றன. ஆகவே கரையால் காக்கப்பட்ட நிலத்திலும் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிறது.

கரைகளுக்கு உள்ளே அகப்பட்டவர்களின் நிலை இன்னும் மோசமானது. முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கின்றன. வெளியே குடியேற இடம் தருவதாகச் சொல்லப்பட்டது. வீட்டுமனை கிடைத்தவர்கள் பலருக்கும் உழும் நிலம் உள்ளேயே இருந்தது. மனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திரும்பி வந்துவிட்டார்கள்.

2008 ஆகஸ்டு 18 அன்று நேபாளத்தில், கதவணைக்குச் சுமார் 12 கிலோமீட்டர் மேலே, குசகா என்னும் ஊரருகே கிழக்குக் கரை உடைந்தது. அன்று ஆற்றில் வெள்ளம் பெரிதன்று. வினாடிக்கு 2 இலட்சம் கன அடியைக்கூட எட்டவில்லை. கரை உடைந்ததும் ஆற்றின் பெரும்பகுதி தன் பழைய தடங்களைத் தேடிக் கிழக்கே பாய்ந்தது. இரண்டு தலைமுறைகளாக வெள்ளத்தையே காணாத சுபோல், மாதேபுரா, அராரியா மாவட்டத்து ஊர்கள் மூழ்கின. அங்கே வெள்ளத்துக்கென்று உயர்த்திக் கட்டிய வீடுகளும் இல்லை, ஏறித் தப்பப் படகுகளும் இல்லை. 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். உடைப்பை அடைத்து ஆற்றைப் பழைய வழிக்குத் திருப்ப 2009 ஆயிற்று.

கரைகளை இடித்துவிடலாமா என்றால், அவற்றை நம்பி எழுந்த ஊர்களும் சாலைகளும் எங்கே போகும்? மலைப்பகுதியில், வராகக்ஷேத்திரம் அருகே உயர்ந்த அணை கட்டினால் போதும் என்று 1940களிலிருந்தே பேசி வருகிறார்கள். அணை எழுந்தாலும் மேலிருந்து வரும் மண் நின்றுவிடாது; நீர்த்தேக்கத்தில் வந்து நிரம்பும். போதாக்குறைக்கு, அது பெரும் நிலநடுக்கங்கள் நிகழும் பகுதி. 1934 நிலநடுக்கத்தை ஒட்டி மிதிலையின் இரு பாதிகளையும் இணைத்த கோசி இரயில் பாலம் அழிந்தது. அங்கே புதுப் பாலம் திறக்கப்பட்டது 2020இல்தான். வண்டலுக்கு வயல்களில் இடம் விட்டு, நீர் வடியப் பழைய தடங்களைத் திறந்துவிடுவதே மேல் என்பாரும் உளர். எனக்கும் அதில்தான் நம்பிக்கை. ஆனால் அந்தத் தடங்களில் இன்று பயிர் செய்வோருக்கு மாற்று நிலம் யார் தருவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2024 செப்டம்பர் இறுதியில் கதவணை வழியே வினாடிக்கு 6.61 இலட்சம் கன அடி நீர் பாய்ந்தது. 1968க்குப் பின் இவ்வளவு பெரிய வெள்ளம் அங்கே வந்ததில்லை. கதவணை தாங்க வேண்டிய அளவில் அது பத்தில் ஏழு பங்குதான், கதவணையும் தாங்கிக்கொண்டது. கீழே, தர்பங்கா மாவட்டத்தில், மேற்குக் கரை உடைந்தது.