வியாழன் ராத்திரி பத்து மணி ஊசி

குழந்தைக்காக டெஸ்ட் டியூப் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்கும், அவர்களுக்குத் துணையாகப் போகிற அம்மா, மாமியார், நாத்தனார்மார்களுக்கும் இதை எழுதுகிறேன். ஐப்பசியில் என் தங்கை மகளுக்குத் துணையாகப் பாண்டிச்சேரியில் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போய் வந்தேன். அங்கே காத்திருக்கும் பெண்கள் செலவைப் பற்றிப் பேசுகிறார்கள், வலியைப் பற்றிப் பேசுகிறார்கள். கடைசி ஊசியின் நேரத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை அதிகம் காணோம். ஆனால், அடகு வைத்த நகை அத்தனையும் அந்த நேரத்தை நம்பித்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். மாதவிலக்கான இரண்டு, மூன்றாம் நாளிலிருந்து சுமார் பத்து நாள் தினமும் ஊசி. அதனால் மாதம் ஒரு கருமுட்டைக்குப் பதில் பல முட்டைகள் வளரும். ஒவ்வொன்றும் நீர் நிறைந்த ஒரு சின்னப் பைக்குள் இருக்கும். ஸ்கேனில் அந்தப் பைகளை அளந்துகொண்டே வருவார்கள். சில பைகளாவது 17, 18 மில்லிமீட்டரை எட்டியதும் 'டிரிக்கர்' என்று ஒரு ஊசி எழுதித் தருவார்கள். ராத்திரி இத்தனை மணிக்கு என்று நிமிஷத்தோடு எழுதியிருக்கும்.

இந்த ஊசிக்குப் பிறகுதான் முட்டை கடைசியாகப் பக்குவப்பட்டு, பையின் சுவரை விட்டுத் தளரும். ஊசி போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில், மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். ரொம்ப முன்னாடி எடுத்தால் எல்லாம் பிஞ்சு. கரு ஆகாது, சிலது கைக்கே வராது. ரொம்பத் தாமதித்தால் பை தானே வெடித்து முட்டை வயிற்றுக்குள் போய்விடும். அப்புறம் தேடி எடுக்க முடியாது. எங்கள் பக்கத்து மரக்காணம் உப்பளத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விளைந்த உப்பை வாராமல் பாத்தியில் விட்டு ஒரு மழை பெய்தால் என்ன மிஞ்சும்?

உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்தாள். அவள் அம்மாவுக்கு இந்த ஊசி எதுவும் போடவில்லை. இயற்கையாக வளர்ந்த ஒரே ஒரு முட்டை. அது முதிரும் வேளையைப் பிடிக்க மூன்று மணிக்கு ஒரு தரம் சிறுநீரைச் சோதித்துக்கொண்டே இருந்தார்களாம். உடம்பு சொல்கிற வேளைக்கு டாக்டர்கள் ஓட வேண்டும். பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3-ல், கல்கத்தாவில் துர்கா பிறந்தாள். டாக்டர் சுபாஷ் முகர்ஜி மருந்து கொடுத்து முட்டைகளை வளர்த்து எடுத்தார். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981-ல் மனம் உடைந்து உயிரை விட்டார். இன்று நம் பெண்களுக்குச் செய்வது அவர் போன வழிதான் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. நம் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் கையில் 1990-ல் தென்னிந்தியாவின் முதல் குழந்தை வந்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன். வியாழன் ராத்திரி பத்து மணிக்கு ஊசி, சனி காலை ஒன்பதுக்கு முட்டை எடுப்பு என்று சீட்டு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமியார் காலண்டரைப் பார்த்துவிட்டார். "சம்பந்தி, சனிக்கிழமை ஒம்பதுலருந்து பத்தரை ராகு காலமாச்சே. பதினோரு மணிக்கு வெச்சுக்கச் சொல்லுங்களேன்!" அவர் பயத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். பத்து வருஷமாகக் காத்திருக்கிறவர். போன் போட்டுக் கேட்டோம். நர்ஸ் அம்மா பொறுமையாகச் சொன்னார்: "பதினொண்ணுக்கு எடுக்கணும்னா ஊசியை ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போடணும்மா. தியேட்டர் காலியா இருக்கணும், டாக்டரும் சம்மதிக்கணும். கேக்கறதுன்னா ஊசிக்கு முன்னாடி கேளுங்க. போட்டப்புறம் யாராலயும் மாத்த முடியாது."

சகோதரிகளே, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். நாள், நேரம் பார்க்கிறவர்கள் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். ஊசி உள்ளே போன பிறகு உங்களாக மாற்றாதீர்கள்.

மாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆரம்பம்னு பாத்தா ஊசிதானே? வியாழக்கிழமை குரு நாள், நல்லதாப் போச்சு" என்று அவரே முடித்துவிட்டார். எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை!

ராத்திரி பத்து மணிக்கு எங்கள் ஊரில் ஊசி போட யார் இருக்கிறார்கள்? மையத்திலேயே மருமகனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வலை பின்னுகிற கை, கொஞ்சம் நடுங்கினாலும் சரியாகப் போட்டுவிட்டது. கடலுக்குப் போகிற வீட்டுக்காரர் உள்ளவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். முட்டை எடுக்கும் அன்று அவருடைய விந்தும் வேண்டும். அன்று அவர் கரையில் இருக்க வேண்டும். முடியாது என்றால் முன்கூட்டியே எடுத்து உறையவைக்கலாமா என்று கேளுங்கள்.

மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி முக்கால் மணி தாமதமானாலும், மருந்து பாதி சிந்தினாலும் மறைக்காமல் உடனே போனில் சொல்லுங்கள். அவர்கள் அதற்கேற்ப எடுக்கும் நேரத்தைத் தள்ளிவைப்பார்கள். திட்டுவார்களே என்று பயந்தால் நஷ்டம் நமக்குத்தான். முட்டை எடுத்த பின் வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டிரிக்கரில் பெரும்பாலும் போடுவது கர்ப்பிணி உடம்பில் ஊறுகிற அதே சுரப்பு. அதனால் போட்ட பத்து நாளுக்குள் வீட்டில் கார்டு வைத்துப் பார்த்தால் சும்மாவே இரண்டு கோடு காட்டலாம். ஏமாறாதீர்கள்.

மழைக்காலம் என்றால் முதல் நாளே டவுனுக்குப் போய்விடுங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியபோது ரோடெல்லாம் தண்ணீர். அன்று யாருக்காவது முட்டை எடுக்கும் நாளாக இருந்திருந்தால்? புயலுக்காக முட்டை காத்திருக்காதே. நாங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய் உறவுக்காரர் வீட்டில் தங்கினோம்.

ஒன்பது முட்டை கிடைத்தது. ஏழு பக்குவம். நாலு கருவாகி, உறையவைத்திருக்கிறார்கள். தை பிறந்ததும் உள்ளே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் தனியாக நாள் கணக்கு உண்டாம். மாமியார் இந்தத் தடவை பஞ்சாங்கத்தைத் திறக்கும் முன்பே நர்ஸ் அம்மாவின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிவைத்திருக்கிறார்.

- ஒரு வாசகி, பெரிய முதலியார்சாவடி