குதிரைக்கும் ஆஸ்துமா வரும்: மருந்து மட்டும் போதாது!

சென்னை:-

மெரினா, ஊட்டி, கொடைக்கானலில் சவாரிக் குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தக் குதிரை அடிக்கடி இருமி மூச்சு வாங்கினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. ஆஸ்துமாவாக இருக்கலாம்.

சும்மா நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். நோய் முற்றினால் இது எகிறும். வயிற்றை எக்கி எக்கி மூச்சுத் தள்ளுவதால், விலாவுக்குக் கீழே கோடு போட்ட மாதிரி சதை தடித்துவிடும். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. பாவம், மூக்கு ஒன்றுதான் வழி.

காரணம் பெரும்பாலும் லாயத்திலேயே இருக்கிறது. வைக்கோல், காய்ந்த புல்லில் உள்ள தூசியும் பூஞ்சையும் உள்ளே போய், மூச்சுக்குழாய் சுருங்கி சளி அடைக்கிறது.

குழாயை விரிக்க கிளென்புடரால் என்ற மருந்து உண்டு. மனுஷங்க உறிஞ்சும் சால்புட்டமாலையும் மூக்கில் கவசம் மாட்டிக் கொடுக்கலாம். ஆனால் சுமார் 1 மணி நேரம்தான் தாங்கும். அதையே மாத்திரையாகப் போட்டால் குதிரை உடம்பில் சரியாக ஏறாது. வீட்டில் இருக்கும் மாத்திரையை எடுத்துப் போடுவது வேலைக்காகாது.

மருந்து போனதும் மூச்சு சீராகும். 'சரியாயிடுச்சு' என்று சவாரிக்கு ஓட்டினால்தான் வம்பு. குழாய் விரியுமே தவிர, உள்வீக்கம் வற்றாது. அதற்கு டாக்டர் ஸ்டீராய்டு தனியாகக் கொடுக்க வேண்டும். கிளென்புடராலை 3 வாரம் விடாமல் கொடுத்தால் அதன் வேகமும் குறைந்துவிடும். அளவு மீறினால் வியர்த்துக் கொட்டும், உடம்பு நடுங்கும், இதயம் படபடக்கும்.

புல்லைத் தண்ணீரில் நனைத்துப் போட காசு செலவில்லை. லாயம் கூட்டும்போது குதிரையை வெளியே கட்ட வேண்டும். தூசி குறையாவிட்டால் எந்த மருந்து கொடுத்தாலும் இழுப்பு திரும்ப வரும்.