முகத்தலும் நிறுத்தலும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும். இவற்றுள் எடுத்தல் என்பது தராசில் நிறுத்தல். முகத்தல் என்பது படி, உழக்கு முதலிய கலங்களால் அளத்தல். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எளிதன்று என்பதைக் கேக்குச் செய்வோர் நன்கு அறிவர்.

அமெரிக்க நாட்டுச் சமையல் நூல்கள் பலவும் மாவையும் சர்க்கரையையும் கிண்ணக் கணக்கில் கூறும். ஐரோப்பிய நூல்கள் பெரும்பாலும் கிராமில் கூறும். அமெரிக்கக் கிண்ணத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 237 மில்லிலிட்டர். அதில் நிறையும் நீரின் எடையும் ஏறத்தாழ 237 கிராமே. எப்பொருளை நிரப்பினும் எடை இதுவே எனக் கருதலாமா? ஆகாது. அக்கிண்ணம் நிறையச் சர்க்கரை 200 கிராம். வெண்ணெய் 227 கிராம். தேன் 340 கிராமுக்கு அணித்தாக நிற்கும். மைதா மாவோ 120 முதல் 125 கிராமே. கிண்ணம் இடத்தை அளக்கிறதேயன்றிப் பொருளின் நிறையை அளப்பதில்லை.

இவற்றுள் பெருந்தொல்லை தருவது மாவேயாகும். வெண்ணெயும் தேனும் இடைவெளியின்றி நிறைவன. மாவின் துகள்களிடையே காற்றுப் புகுந்திருக்கும். மாவைச் சலித்து மெல்லத் தூவினால் கிண்ணத்தில் 115 கிராம் அளவே கொள்ளும். கிண்ணத்தையே மாவினுள் அமிழ்த்தி அள்ளினால் 140 கிராமும் கொள்ளும். நான்கு கிண்ணம் அளந்தால் வேறுபாடு 100 கிராம். ஏறக்குறைய ஒரு கிண்ணம் மாவு எவரும் அறியாமலே கூடிவிடுகிறது! சோற்றுப் பானையில் நீர் மிகுந்தால் வடித்துவிடலாம். வெந்து வறண்டு வெடித்த கேக்கைத் திருத்த வழியேது?

பாஸ்டன் நகரச் சமையற் பள்ளியின் தலைவியாக விளங்கிய ஃபானி ஃபார்மர் அம்மையார், 1896ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், குவித்து அளவாமல் தலைதட்டியே அளக்க வேண்டுமென வலியுறுத்தினார். குத்துமதிப்பாக அளந்த காலத்தில் இது பெருந்தொண்டே. ஆயினும் தலைதட்டுவதால் மேற்குவியல்தான் நீங்கும்; உள்ளே மாவு நெகிழ்ந்துள்ளதா, இறுகியுள்ளதா என்பதைத் தலைதட்டும் கோல் அறியாது.

ஆகவே கிண்ணக் கணக்கைக் கிராமாக மாற்றுவோர், நூலாசிரியர் எவ்வாறு அளந்தார் என்பதையே முதலில் நோக்க வேண்டும். சலித்த மாவு என்றிருந்தால் எடை குறையும். ஒரு கிண்ணத்துக்கு இத்தனை கிராம் என்று சிலர் நூலின் முகப்பிலேயே குறித்திருப்பர். அந்நூலுக்கு அக்கணக்கையே கொள்ளல் வேண்டும். குறிப்பு ஏதும் இல்லையெனில் 125 கிராமில் தொடங்குவது தக்கது. ஆஸ்திரேலிய நூலாயின் கிண்ணம் 250 மில்லிலிட்டர் என்பதையும் நினைவிற் கொள்க.

உப்பும் இத்தகையதே. தூளுப்பு ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 6 கிராம். பருமனான செதில் உப்பு அதில் பாதியளவே நிற்கும். எனினும் கால் தேக்கரண்டி உப்பைத் தராசில் இடுவது வீண்முயற்சி. ஒரு கிராமுக்குக் குறைந்ததைக் காட்டாத வீட்டுத் தராசைவிட அங்கே கரண்டியே நம்பத்தக்கது.