சாம்பலில் எஞ்சும் கதிரியக்கம்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே ஆலங்குடா என்னும் கடலோரச் சிற்றூர் இருக்கின்றது. ஒரு புறம் கடல். மறு புறம் தென்னையும், வெங்காயமும் மிளகாயும் விளையும் மணற்பாங்கான தோட்டங்களும். அதே கரையில், சற்றுத் தெற்கே, நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் நிற்கின்றது. 2011ஆம் ஆண்டில் அதன் முதற் பகுதியும், 2014ஆம் ஆண்டில் மற்றை இரு பகுதிகளும் தொடக்கி வைக்கப்பட்டன. பகுதி ஒன்றுக்கு 300 மெகாவாற்றாக அதன் மொத்த ஆற்றல் 900 மெகாவாற்று. நாட்டுக்கு ஒளி தரும் இந்நிலையம் தன் அயலிலே சாம்பலையும் குவிக்கின்றது. காற்று மிகும் மாதங்களில் கரித்தூளும் சாம்பலும் பயிர்களிற் படிகின்றன என்று சுற்றுக் கிராமத்தார் முறையிட்டு வந்துள்ளனர். அச்சாம்பலிற் கதிரியக்கம் உண்டா? உண்டாயின் அதனை எவ்வாறு அடக்கி வைப்பது?

நேயர்களே, கதிரியக்கம் மனிதன் புதிதாகப் படைத்த பொருளன்று. பூமி தோன்றிய நாள் முதலே யுரேனியமும் தோரியமும் மண்ணிலும் பாறையிலும் கலந்துள்ளன. ஒரு விநாடியில் ஓர் அணு சிதையுமாயின் அந்த அளவை ஒரு பெக்கரல் என்பர். 1896ஆம் ஆண்டிற் கதிரியக்கத்தைக் கண்டறிந்த பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயர் அது. உலகின் சாதாரண மண்ணில், கிலோகிராம் ஒன்றுக்கு யுரேனியம் சுமார் 35 பெக்கரலும், தோரியம் சுமார் 30 பெக்கரலும் இருக்கின்றன. நிலக்கரியிலோ பெரும்பாலும் இதனினும் குறைவே.

அவ்வாறாயின் கவலை எதற்கு? புத்தளத்து உப்பளத்தை எண்ணிப் பாருங்கள். பாத்தியிற் பாய்ச்சிய கடல்நீரில் உப்பு சிறு பங்குதான். வெயிலில் நீர் ஆவியாகிப் போக, உப்பு முழுவதும் அடியிலே தங்கிவிடுகின்றது. உலையில் நிகழ்வதும் இதுவே. கரி எரிந்து வளியாகிச் செல்ல, யுரேனியமும் தோரியமும் சாம்பலில் எஞ்சுகின்றன. கிலோகிராமுக்கு 20 பெக்கரல் உடைய நிலக்கரியிற் பத்தில் ஒரு பங்கு சாம்பலாகுமாயின், அச்சாம்பலில் ஏறத்தாழ 200 பெக்கரல் இருக்கும். சுரங்கத் தொழிலிலும் கனிமத் தொழிலிலும் இயற்கைக் கதிரியக்கம் ஒரு பிரச்சினையாவது இவ்வாறு செறிவதனாலேயே.

செறிவு எவ்வளவு என்பதைப் பொறுத்தே காவலும் அமைதல் வேண்டும். யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் வரிசையைச் சேர்ந்த பொருள்கள் கிலோகிராமுக்கு 1,000 பெக்கரலைத் தாண்டினால், அவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்தல் வேண்டும் என்பது சர்வதேச அணுசக்தி முகவராண்மையின் நியமம். நிலக்கரிச் சாம்பல் பொதுவாக இவ்வெல்லைக்குக் கீழேயே நிற்கும். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மோனசைற்றில், தோரியம் கிலோகிராமுக்கு இலட்சக்கணக்கான பெக்கரல் அளவிலே உள்ளது. ஆகவே இந்திய மணல் ஆலைகளில் மோனசைற்று மிகுந்த எச்சங்களைக் குழிகளில் இட்டு, மேலே சாதாரண மணலால் மூடி, அளந்து காத்து வருகின்றனர்.

சாம்பலுக்கு அத்துணைக் கடுங்காவல் தேவையில்லை. எனினும் அதனை வெறும் மண்ணாக எண்ணிவிடுதலும் ஆகாது. உலையின் வெப்பத்திலே ஆவியாகும் ஈயம்-210, பொலோனியம்-210 என்பன புகை குளிரும்போது மிக நுண்ணிய துகள்கள் மீதே படிகின்றன. எளிதிற் பறப்பதும், நுரையீரலின் ஆழம் வரை செல்வதும் அந்நுண்துகள்களே. மேலும் சாம்பலில் ஆசனிக்கு முதலிய நச்சுப் பொருள்களும் உள. கதிரியக்கம் எல்லைக்குட்பட்டிருந்தாலும் இவற்றின் பொருட்டேனும் சாம்பலை அடக்கியே ஆகவேண்டும்.

அடக்கும் முறைகள் அரியனவல்ல. மின்னேற்றத்தாற் சாம்பலை ஈர்த்துப் பிடிக்கும் கருவிகள் புகைபோக்கிக்கு முன்னரே இடையறாது இயங்குதல் வேண்டும். குவியலை ஈரமாக வைத்து, நிறைந்த பகுதியை உடனுக்குடன் மண்ணால் மூடிப் புல் வளர்த்தல் வேண்டும். ஆழமற்ற கிணறுகளை நம்பி வாழும் இம்மணல் நிலத்தில், மழைநீர் எளிதில் ஊறி இறங்கும். ஆதலின் குவியலின் அடியில் நீர் புகாத படுக்கை இன்றியமையாதது. சிமெந்தோடு கலந்து இறுகிய சாம்பல் காற்றிற் பறப்பதில்லை. ஆயினும் வீடு கட்டப் பயன்படுத்துமுன் கதிரியக்கத்தை அளந்தறிதல் முறை. ஏனெனில் யுரேனிய வரிசையிற் பிறக்கும் ரேடன் வாயு, காற்றோட்டமற்ற அறையிலே தங்கக்கூடும்.

இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், கதிரியக்கத்தைக் கண்காணிக்கத் தனிச் சபையொன்றை நிறுவியது. அளக்கும் கருவிகளும், அறிந்த வல்லுநரும் நாட்டில் உளர். ஆகவே தோட்டக்காரரும் மீனவரும் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: சாம்பலில் எத்தனை பெக்கரல்? கிணற்று நீரும் காற்றும் எப்போது அளக்கப்பட்டன? முடிவுகள் எங்கே வெளியிடப்பட்டன? ஆண்டுதோறும் இவற்றுக்கு எண்களால் விடை கிடைக்குமாயின், வீண் அச்சத்துக்கும் இடமிராது. தவறு நேர்ந்தால் அது மறைந்திருக்கவும் இடமிராது.