மோட்டார் உறையில் எழுதியிருப்பது

அமெரிக்காவில் பொழுதுபோக்காக ராக்கெட் விடுபவர்களிடம் 'மிட் பவர்' என்று ஒரு நடுத்தர வகை உண்டு. பள்ளிப் பிள்ளைகள் மைதானத்தில் விடுவதைவிடப் பெரியது. சான்றிதழ் இருந்தால்தான் கை வைக்கலாம் என்கிற 'ஹை பவர்' ராக்கெட்டைவிடச் சிறியது. சுமார் ஒரு மீட்டர் உயரம், ஆறேழு சென்டிமீட்டர் விட்டம், பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் எடை. ஏரோடெக், லாக் பிரிசிஷன், எஸ்டீஸ் போன்ற நிறுவனங்கள் அட்டைக்குழாய், துடுப்பு, மூக்குக்கூம்பு, பாராசூட் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு கிட்டாக விற்கின்றன. மோட்டாரைத் தனியாக வாங்க வேண்டும்.

கிட்டைப் பிரிக்கும் முன்பே எந்த மோட்டார் என்று முடிவு செய்துவிடுவது நல்லது. அதன் உறையில் 'எஃப் 50-6' என்பது போல ஒரு குறியீடு இருக்கும். எவ்வளவு எடை தாங்கும், பாராசூட் எப்போது வெளியே வரும் என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் எழுத்து. தள்ளும் விசையையும் தள்ளும் நேரத்தையும் பெருக்கி வரும் மொத்தக் கணத்தாக்கு எந்த வரம்புக்குள் வருகிறது என்று அது சொல்கிறது. 'ஏ' என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-நொடி. அடுத்தடுத்த எழுத்துக்கு வரம்பு இரட்டிக்கும்: 'சி' 10, 'டி' 20, 'இ' 40, 'எஃப்' 80, 'ஜி' 160. 'எச்' வந்துவிட்டால் அது ஹை பவர்.

சின்ன மோட்டாரில் இருப்பது கருமருந்து. எஃப், ஜி வகைகளில் பெரும்பாலும் அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பிசினில் கலந்து இறுகவைத்த திட எரிபொருள். நம் பிஎஸ்எல்வியின் முதல் கட்டத்தில் 139 டன் அளவுக்கு எரிவதும் இதே குடும்பம்தான். அதற்காக இதை வீட்டில் கலந்து பார்க்க வேண்டாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் செய்தால் அது குற்றமும்கூட. 1950களில் அமெரிக்கப் பையன்கள் அப்படிக் கலக்கப்போய்க் காயப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான், நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் ஒருமுறை எரித்து மாற்றிவிடக்கூடிய ஆயத்த மோட்டாரை உருவாக்கினார். இந்தப் பொழுதுபோக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

அடுத்து 50. இது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 80 நியூட்டன்-நொடியை நெருங்கும் எஃப் மோட்டார் 50 நியூட்டனில் தள்ளினால் ஒன்றரை நொடி சொச்சத்தில் எரிந்து முடிந்துவிடும். உந்துவிசை ராக்கெட்டின் எடையைப்போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது களத்தில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 50 நியூட்டனுக்கு, மோட்டாரும் சேர்த்து ஒரு கிலோ. ஏன் ஐந்து மடங்கு? ஏவுதண்டை விட்டு விலகும்போது போதிய வேகம் இல்லையென்றால் துடுப்புகளுக்குப் பிடிமானம் இருக்காது. காற்று பக்கவாட்டில் தட்டினால் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

தீபாவளி ராக்கெட்டில் குச்சி செய்யும் வேலையை இங்கே துடுப்புகள் செய்கின்றன. ஈர்ப்பு மையம் முன்னாலும், காற்றழுத்த மையம் அதற்குப் பின்னாலும், இரண்டுக்கும் இடையே குழாயின் விட்டம் அளவுக்காவது தூரமும் இருக்க வேண்டும். அழுத்த மையத்தைக் கணக்கிடும் வழியை நாசா பொறியாளர் ஜேம்ஸ் பாரோமேன் 1966இல் பொழுதுபோக்காளர்களுக்கென்றே எளிமைப்படுத்திக் கொடுத்தார். இன்று 'ஓப்பன் ராக்கெட்' என்ற இலவச மென்பொருள் அதைச் செய்துவிடும். ஈர்ப்பு மையத்துக்கு மென்பொருள் தேவையில்லை: மோட்டாரையும் பாராசூட்டையும் உள்ளே வைத்து, ராக்கெட்டை ஒரு விரல்மேல் கிடத்தி, எங்கே சமநிலை கொள்கிறதென்று பார்த்தால் போதும். மோட்டார் இல்லாமல் பார்ப்பது வீண். மோட்டாரின் எடை முழுவதும் வாலில்தான் வந்து உட்காரும்.

இதனால்தான் பசையில் கஞ்சத்தனம் வேண்டும் என்கிறேன். புதியவர்கள் பயத்தில் வால்பக்கம் எபாக்ஸியை அள்ளி அப்புவார்கள். ராக்கெட் உறுதியாகும், ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்து தொலையும். இந்த வகைக் கிட்டுகள் பலவற்றில் ஒட்டுப்பலகைத் துடுப்பின் அடிப்பகுதி குழாயில் வெட்டிய பிளவு வழியாக உள்ளே போய் மோட்டார் குழாயைத் தொடும். அந்தத் தொடுமிடத்தில் ஒரு கோடு, குழாயின் வெளிப்புற மூலையில் விரலால் இழுத்துவிட்ட ஒரு மெல்லிய வளைவு. இதுவே தாராளம். விரலை ஆல்கஹாலில் நனைத்து இழுத்தால் எபாக்ஸி ஒட்டாமல் வழவழப்பாக வரும். அதற்கு முன், குழாயின் வழுக்கும் மேல்தாளை ஒட்டுமிடத்தில் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பசை அந்தத் தாளோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். மோட்டார் குழாயை உள்ளே தள்ளும் வேலைக்கு மரப்பசையை நம்பாதீர்கள். அட்டை அதன் ஈரத்தை உறிஞ்சி உப்பிக்கொண்டு, பாதி வழியில் கவ்விப் பிடித்துவிடும். பிறகு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. மெதுவாக இறுகும் எபாக்ஸிதான் இதற்கு லாயக்கு.

கடைசி எண் 6. புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ராக்கெட் உடைவதும் பெரும்பாலும் இதனால்தான். எரிபொருள் தீர்ந்தபின் ராக்கெட் வந்த வேகத்திலேயே மேலே போய்க்கொண்டிருக்கும். அப்போது மோட்டாருக்குள் ஒரு தாமதத் துண்டு புகைந்துகொண்டிருக்கும். ஆறு நொடி கழித்து அது சிறிதளவு கருமருந்தைப் பற்றவைக்க, அந்த வாயு மூக்குக்கூம்பையும் பாராசூட்டையும் வெளியே தள்ளும். உச்சியில், வேகம் ஏறக்குறைய இல்லாத கணத்தில் இது நடக்க வேண்டும். இரண்டு நொடி தள்ளிப்போனாலே ராக்கெட் தலைகீழாகி வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். அந்த வேகத்தில் பாராசூட் வெடுக்கென்று விரிந்தால், இணைக்கும் கயிறு குழாயின் விளிம்பை ஜிப் திறப்பதுபோல நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போகும். களத்தில் அதற்குப் பெயரே 'ஜிப்பர்'. எடை கூடிய ராக்கெட் சீக்கிரம் உச்சியை அடையும். இலேசானது அதிக நேரம் மிதந்து ஏறும். ஆகவே கட்டி முடித்து எடை போட்ட பிறகு, அந்த எடையை மென்பொருளில் கொடுத்துத் தாமதத்தைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியில் அச்சிட்ட எடைக்கும் உங்கள் ராக்கெட்டின் எடைக்கும் நடுவில் உங்கள் எபாக்ஸியும் பெயின்டும் இருக்கின்றன.

வெளியேற்றும் வாயு சூடானது. பாராசூட்டைத் தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணியில் பொதிந்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பாராசூட் என்றால் மடிப்பதற்கு முன் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் ஒட்டிக்கொள்ளாது. மூக்குக்கூம்பைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கிப் பாருங்கள். தானாகக் கழன்று விழக்கூடாது. இலேசாக உதறினால் விழ வேண்டும். இறுக்கம் போதவில்லையென்றால் ஒரு சுற்று மாஸ்கிங் டேப்.

ஏவுவதில் பெரிய வித்தை இல்லை. அமெரிக்க விதிப்படி 1.5 கிலோவுக்குள் எடையும் 125 கிராமுக்குள் எரிபொருளும் உள்ள மாதிரி ராக்கெட்டுக்கு விமானப் போக்குவரத்துத் துறையின் முன் அனுமதி தேவையில்லை. ஆனால் எஃப், ஜி மோட்டாருக்குச் சுமார் 300 மீட்டர் அகலமான திறந்த வெளியாவது வேண்டும். பற்றவைப்பது மின்சாரத்தில், குறைந்தது ஒன்பது மீட்டர் தள்ளி நின்று. பற்றவைக்கும் கம்பி மோட்டாருக்குள் உச்சி வரை போய் முட்ட வேண்டும். திட எரிபொருள் நடுத்துளையின் மேல்முனையிலிருந்து பற்றினால்தான் அழுத்தம் சட்டென்று ஏறும். வாயருகே பற்றினால் இருமிக்கொண்டே நின்றுவிடும். பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? ஏவுகருவியின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்த பிறகே அருகில் போகலாம்.

இறங்கிய ராக்கெட் மின்கம்பியில் மாட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள். கையில் கிடைத்தால் முதலில் குழாயின் மேல்விளிம்பைப் பாருங்கள், பிறகு கயிற்றில் கருகிய இடம் உண்டா என்று. விளிம்பு கிழிந்திருந்தால், அடுத்த மோட்டாரை வாங்கும்போது மாற்ற வேண்டியது அந்தக் கடைசி எண்தான்.