முஹம்மடன் ஸ்போர்ட்டிங்: ஒரு பெயரும் அதன் வரலாறும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையோரத் திடல் ஒன்றில், அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மாணவர்கள் கால்பந்து ஆடுவது வழக்கம். 2024 செப்டம்பர் இறுதியில் ஒரு நாள், அவர்களில் ஒருவர் கையில் நாளிதழுடன் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், கல்கத்தாவின் முஹம்மடன் ஸ்போர்ட்டிங், சென்னையின் எஃப்.சி. அணியைச் சென்னையிலேயே தோற்கடித்திருக்கிறது. நம்மை நாம் முஹம்மதியர் என்று சொல்லிக்கொள்வதில்லையே. அந்தச் சங்கத்திற்கு மட்டும் இப்பெயர் எப்படி வந்தது?" என்று கேட்டார். அன்று மக்ரிபுக்கு நேரமாகிவிட்டதால் சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. விரிவாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

'முஹம்மதன்' என்பது ஐரோப்பியர் நமக்கு இட்ட பெயர். கிறிஸ்துவின் பெயரால் கிறிஸ்தவர் என வழங்கியது போலவே, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரால் இச்சமுதாயத்தையும் அழைக்கலாம் என அவர்கள் கருதினார்கள். அரபு இலக்கணப்படி 'முஸ்லிம்' என்பது 'அஸ்லம' என்னும் வினையின் செய்வோன் பெயர். தன்னை இறைவனிடம் ஒப்படைத்தவர் என்பது அதன் பொருள். இவ்விரண்டிற்கும் உள்ள தூரம் சிறிதன்று. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் கற்ற முஸ்லிம் பெரியோர்கள் ஆட்சியாளரின் சொல்லையே எடுத்தாண்டார்கள். நவாப் அப்துல் லத்தீஃப் 1863இல் கல்கத்தாவில் நிறுவிய இலக்கியச் சங்கமும், சர் சையித் அஹ்மத் கான் 1875இல் அலிகரில் தொடங்கிய கல்வி நிலையமும் 'முஹம்மடன்' என்ற பெயரையே தாங்கின. நம் சென்னையிலும் அரசினர் முகம்மதியக் கல்லூரி இருந்தது. காயிதே மில்லத் பெயரிலான அரசினர் மகளிர் கல்லூரி இன்று இயங்குவது அதே வளாகத்தில்தான். அந்தத் தலைமுறையின் குழந்தைகளுள் ஒன்றே இந்தக் கால்பந்துச் சங்கம். 1887இல், விக்டோரியா அரசியாரின் பொன்விழா ஆண்டில், 'ஜூபிலி' என்ற பெயருடன் பிறந்து, கிரெசன்ட், ஹமீதியா என்று பெயர்கள் மாறி, 1891இல் 'முஹம்மடன் ஸ்போர்ட்டிங்' என நிலைபெற்றது.

முதல் நாற்பதாண்டுகளில் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கல்கத்தா லீக் போட்டி 1898இல் தொடங்கியது முதல் ஆங்கிலேயப் படைப்பிரிவுகளும் ஐரோப்பியச் சங்கங்களுமே அதன் முதல் பிரிவுக் கோப்பையை ஆண்டுதோறும் வென்றுவந்தன. 1911இல் மோகன் பகான், ஈஸ்ட் யார்க்‌ஷயர் படையணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது நாடறிந்த செய்தி. எனினும் லீக் கோப்பை வெள்ளையரிடமே இருந்தது. கேடயப் போட்டியில் சில ஆட்டங்களில் வென்றால் போதும். லீக்கிலோ பருவம் முழுவதும், அதுவும் வங்காளத்தின் மழைக்காலம் நெடுகிலும், தளராமல் ஆட வேண்டும்.

இங்கேதான் முஹம்மடன் ஸ்போர்ட்டிங்கின் நிர்வாகிகளுடைய கூர்மதி வெளிப்பட்டது. நம்மவர்கள் அக்காலத்தில் வெறுங்காலுடன் ஆடினார்கள். உலர்ந்த தரையில் வெறுங்காலின் லாவகத்திற்கு ஈடில்லை. சேறு மண்டிய திடலிலோ கால் வழுக்கும், பூட்ஸ் அணிந்த எதிரணி மேலோங்கும். முஹம்மடன் நிர்வாகிகள் தம் வீரர்களை ஈரத்தரையில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழக்கினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில்கூட இந்திய வீரர்களுள் பலர் வெறுங்காலுடன்தான் ஆடினார்கள் என்பதை எண்ணினால், இம்முடிவு காலத்தை எவ்வளவு முந்தியது என்பது விளங்கும். அவர்கள் செய்த இன்னொரு காரியம், கல்கத்தாவோடு நின்றுவிடாமல் நாடெங்கும் ஆட்டக்காரர்களைத் தேடியது. பெங்களூரிலிருந்து ரஹ்மத்தும் மாசூமும் வந்தார்கள். குவெட்டாவிலிருந்து ஜும்மா கான் வந்தார். வெளியூர் வீரரைக் கொண்டுவந்து அணி கட்டுவது இன்று எல்லாச் சங்கங்களுக்கும் இயல்பு. அன்று அது புதுமை.

பலன் உடனே கிடைத்தது. முதல் பிரிவுக்கு உயர்ந்த முதல் ஆண்டிலேயே, 1934இல், லீக் கோப்பையை வென்றார்கள். அதை வென்ற முதல் இந்தியச் சங்கம் அதுவே. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாக அக்கோப்பை அவர்களிடமே இருந்தது. 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் சேர்ந்தது. அதே ஆண்டில் அவ்வணியின் முஹம்மத் சலீம் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்று, புகழ்பெற்ற செல்டிக் சங்கத்திற்காக, காலில் துணிக்கட்டுடன் பூட்ஸ் அணியாமலே இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஹாமில்டன் அணிக்கு எதிராக 5-1, கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1 என இரண்டிலும் செல்டிக்கிற்கே வெற்றி. அங்கேயே இருக்கும்படி கேட்டும், வீட்டு நினைவு தாளாமல் ஊர் திரும்பிவிட்டார். பூட்ஸைப் பழக்கிய சங்கத்தின் வீரர் ஐரோப்பாவை வெறுங்காலால் வியக்கவைத்தது ஒரு வேடிக்கைதான்.

1934 வெற்றியை இந்துக்களும் முஸ்லிம்களும் இந்தியரின் வெற்றியாகவே முதலில் கொண்டாடினார்கள். ஆனால் அது வங்காள அரசியல் கொதித்துக்கொண்டிருந்த பத்தாண்டு. பின்னாளில் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரலாகவும் பிரதமராகவும் ஆன குவாஜா நாஜிமுத்தீன் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். சங்கத்தின் வெற்றி சமுதாயத்தின் வெற்றியாயிற்று. தோல்வி சமுதாயத்தின் மானப் பிரச்சினையாயிற்று. ஐ.எஃப்.ஏ. நிர்வாகத்துடன் பிணங்கி, வேறு சில சங்கங்களுடன் சேர்ந்து 1939 லீக்கிலிருந்து விலகினார்கள். தாழ்ந்து கிடந்த ஒரு சமுதாயத்திற்கு அவ்வெற்றிகள் தந்த தெம்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவற்றைத் தந்தவை பூட்ஸும், பயிற்சியும், நாடெங்கும் ஆளைத் தேடிய பரந்த கண்ணும். நம் மேடைகளில் இச்சங்கத்தைப் பற்றிப் பேசுவோர் கோப்பைகளை எண்ணுகிறார்கள், பூட்ஸைச் சொல்வதில்லை.

1940 உச்ச ஆண்டு. லீக் மீண்டும் கைக்கு வந்தது. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையின் இறுதியாட்டத்தில், 1937இலேயே அக்கோப்பையை வென்றிருந்த பெங்களூர் முஸ்லிம்ஸ் அணியை வென்றார்கள். டிசம்பரில் டில்லியில் ராயல் வார்விக்‌ஷயர் படையணியை 2-1 என வென்று டூரண்ட் கோப்பையைப் பெற்றார்கள். 1888இல் சிம்லாவில் தொடங்கிய அப்போட்டியில் அதுவரை எந்த இந்திய அணியும் வென்றதில்லை.

பிரிவினை இச்சங்கத்தின் வேரை அறுத்தது. வீரர்களை அனுப்பிய பல ஊர்கள் எல்லைக்கு அப்பால் போயின; ஆதரித்த குடும்பங்களில் பல டாக்காவுக்கும் கராச்சிக்கும் குடிபெயர்ந்தன. இருந்தும் 1948இல் லீக் கோப்பை வந்தது. 1957இலும் 1967இலும் வந்தது. 1960இல் டாக்காவில் ஆகா கான் தங்கக் கோப்பையை வென்று, வெளிநாட்டு மண்ணில் கோப்பை வென்ற முதல் இந்தியச் சங்கம் என்ற பெயரும் கிடைத்தது. பிற்காலத்தில் அணி எல்லாச் சமயத்தவருக்கும் திறந்தது. ஈரானின் ஜம்ஷித் நசீரியும் நைஜீரியாவின் சீமா ஒகோரியும் எண்பதுகளில் அதன் கறுப்பு வெள்ளைச் சட்டையை அணிந்தார்கள். 1981 லீக் வெற்றிக்குப் பின் அடுத்த லீக் கோப்பைக்கு நாற்பது ஆண்டுகள், 2021 வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 2013இல் டூரண்ட் கோப்பை வந்தது. மறு ஆண்டே பணமுடையால் அணியைக் கலைக்கும் நிலையும் வந்தது.

2024 ஏப்ரலில் ஷில்லாங்கில் வென்று ஐ-லீக் பட்டத்தைப் பெற்ற சங்கம், இந்தியாவின் உயர்மட்டப் போட்டியான ஐ.எஸ்.எல்.லில் நுழைந்தது. அதில் பெற்ற முதல் வெற்றிதான் மாணவர் நாளிதழில் கண்ட சென்னை ஆட்டம்: 1-0. அந்தப் பருவத்தின் முடிவில் பதின்மூன்று அணிகளுள் முஹம்மடன் கடைசியாக நின்றது. ஊதிய நிலுவை பற்றிய செய்திகளும் இடையில் வெளிவந்தன. சென்னையில் அந்த ஒரே கோலை அடித்தவர் லால்ரெம்சங்கா ஃபனாய், மிசோரம் இளைஞர். இதைச் சொன்னபோது மாணவர் பெயர் விஷயத்தை விட்டுவிட்டு, ஈரத்தரையில் ஆட எந்த பூட்ஸ் நல்லது என்று என்னிடம் கேட்டார்.